மாப்பிள்ளையின் பெயரைச் சொல்லவும்

என் மூத்த மகள் அகதாவின் புருஷன் பெயரை என்னிடம் கேட்காதீர்கள். கேட்டாலும் சொல்ல மாட்டேன். எங்கள் கரையில் கொண்டான் கொடுத்தான் உறவில் ஒருவர் பெயரை ஒருவர் வாயால் சொல்வதில்லை. மாமனார், மாமியார், மச்சான், கொழுந்தியாள், எல்லோருக்கும் இதே சட்டம்தான். சின்னப் பிள்ளைகளின் பெயரை மட்டும் பெரியவர்கள் சொல்லலாம்; பிள்ளைகள் பெரியவர்கள் பெயரைச் சொல்லக் கூடாது. "மாப்பிள்ளை" என்போம், "அகதா வீட்டுக்காரர்" என்போம், ஒன்றும் தோன்றாவிட்டால் இருமுவோம். தவறிப் பெயர் வாயில் வந்துவிட்டால் பன்றி கொடுக்க வேண்டும். அந்தப் பன்றியைத் தின்று முடிக்கும்வரை இருவரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கக் கூடாது. பன்றிகூடப் போகட்டும், மானம் போய்விடுமே! பக்கத்து ஊர் லீனஸ் குடித்துவிட்டு மச்சான் பெயரைக் கத்தினான். மறுநாள் படகேறிப் போனவன், ஆறு வருஷமாயிற்று, இன்னும் ஊர் திரும்பவில்லை.

இதில் கல்வித்துறைக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் கேட்டேன்.

எங்கள் லவேகெ ஊரில் பள்ளிக்கூடம் உண்டு. பிள்ளைகள் நாற்பத்து மூன்று பேர் உண்டு. கரும்பலகைகூட உண்டு, பாதி கரையான் தின்றது போக. வாத்தியார்தான் ஒன்றரை வருஷமாக இல்லை. பள்ளி நிர்வாகக் குழுவுக்கு நான்தான் தலைவர் என்பதால் ஊரில் எல்லோரும் என்னைத்தான் பிடித்து உலுக்கினார்கள். கடைசியில் ஒரு பிப்ரவரி மாதம் துறையிலிருந்து நியமனக் கடிதம் வந்தது. எங்கள் பள்ளிக்கு யாரைப் போட்டிருக்கிறார்கள் தெரியுமா? மானுஸ் தீவில் வாத்தியார் பயிற்சி முடித்த என் மாப்பிள்ளையையே! அகதாவும் அவரும் ஒரு பெட்டி சாக்பீஸோடு வந்து இறங்கினார்கள். என் சின்ன மகள் ருஃபினா ஏழாம் வகுப்பு. அடுத்த வருஷம் எட்டாம் வகுப்புப் பரீட்சை எழுதித் தேறினால்தான் நகரத்து உயர்நிலைப் பள்ளி. அவள் அந்தச் சாக்பீஸ் பெட்டியை மோந்து மோந்து பார்த்தாள்.

ஆனால் வகுப்பறையில் துறையின் பூட்டு தொங்கியது.

விஷயம் இதுதான். துறையின் பேரேட்டில் பேய் ஆசிரியர்கள் பெருகிவிட்டார்களாம். அதாவது, ஏட்டில் பெயர் இருக்கும், ஊரில் ஆள் இருக்க மாட்டான். பேயை ஓட்ட, "வாய்மொழி உறுதித் திட்டம்" கொண்டுவந்தார்கள். நிர்வாகக் குழுத் தலைவர் நேரில் வந்து, நெஞ்சில் கைவைத்து, ஆசிரியரின் முழுப் பெயரை மூன்று தடவை உரக்கச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் பூட்டுக்குச் சாவி.

"பூட்டு கிடக்கட்டும் மாமா, மரத்தடியில பாடம் நடத்தறேன்," என்றார் மாப்பிள்ளை.

நான்தான் தடுத்தேன். போன வருஷம் பக்கத்து ஊர் உபதேசியார் மரத்தடியில் பிள்ளைகளுக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்தார். துறைக்குத் தகவல் போய்விட்டது. ஓர் அதிகாரி வந்து அதை "அனுமதியற்ற அறிவு" என்று எழுதி, பிள்ளைகள் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, அரை, கால், முக்கால் எல்லாவற்றையும் மறந்துவிட்டோம் என்று உறுதிமொழி வாங்கினார். ஒரு பெண்ணுக்கு மட்டும் கால் மறக்கவே இல்லை. பாவம், அவளை ஒரு வருஷம் நிறுத்திவைத்துவிட்டார்கள்.

ஆக, மாப்பிள்ளையும் நானும் நகரத்துக்குக் கிளம்பினோம். என் மனைவி தெக்லா சந்தையில் சேப்பங்கிழங்கு விற்க வந்தாள். குழுவின் பொருளாளரான என் தம்பி காட்ஃபிரிட் சும்மா வந்தான். படகு அம்புரோஸுடையது. அவன் செபிக் ஆற்றுப் பக்கத்து ஆள், எங்கள் ஊரில் யாருக்கும் உறவில்லை, வாய்க்குப் பூட்டும் இல்லை.

கல்வி அலுவலகத்தில் "பாக்கு மெல்லாதே" என்று எழுதியிருந்த சுவர் முழுக்கப் பாக்கு எச்சில். எனக்கு முன்னால் ஊருகா தீவுப் பள்ளிக் குழுத் தலைவர் நின்றார். தாடி வைத்த பெரிய மனிதர். நெஞ்சில் கைவைத்தார்.

"ஜோசஃபத் முரே வாலு!" என்றார். அறை அதிர்ந்தது. இரண்டாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். மூன்றாம் தடவை ஏறக்குறைய பாடிவிட்டார்.

இயக்குநர் ஹூபர்ட் காலெ மேசையைத் தட்டினார். "இதான்யா உறுதி! குரல்ல ஒரு நடுக்கம் இருக்கா பாருங்க. மொனிகா, சாவியைக் குடும்மா."

வெளியே போன தாடிக்காரரை வாசலில் பிடித்தேன். "நல்ல வாத்தியாருங்களா?"

"தங்கமான மனுஷன். செத்து மூணு வருஷமாச்சு."

"செத்துட்டாரா! பின்னே எதுக்கு?"

"பேரைச் சொன்னா சாவி தர்றாங்க. சாவி இருந்தா மழைக்காலத்துல தேங்காய் காயவைக்க ஓர் இடமாச்சு. நீங்க எதுக்கு வந்தீங்க?"

வாத்தியாருக்காக வந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. உள்ளே போய்விட்டேன்.

"பேர்?" என்றார் இயக்குநர்.

"போனிஃபாஸ்."

"உம்ம பேரை யார் கேட்டா? ஆசிரியர் பேர்."

"அவர் என் மாப்பிள்ளைங்க."

"ரொம்ப சந்தோஷம். பேர்?"

"மாப்பிள்ளைங்க சார். நீங்களும் நம்ம கரைதானே. எப்படிச் சொல்லுவேன்?" நான் ஜன்னலோரம் கையைக் காட்டினேன். "அதோ, அந்த பெஞ்சில உக்காந்திருக்காரே, அவர்தான்."

இயக்குநர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "அங்க ஒரு ஆள் இருக்கார், ஒத்துக்கறேன். ஆள் இருக்கறது வேற, ஆசிரியர் இருக்கறது வேற."

மாப்பிள்ளை எழுந்தார். "சார், நானே சொல்லிடறேனே. என் பேரு..."

"உக்காரும்! போலி ஆசிரியர்கள் எல்லாரும் முதல்ல சொல்றது சொந்தப் பேரைத்தான். எங்களுக்குத் தெரியாதா?"

"அப்ப நான் எழுதிக் குடுத்துடறேன் சார்," என்றேன்.

"எழுத்தா? பேயெல்லாம் எங்கய்யா இருந்துச்சு? எழுத்துலதானே இருந்துச்சு! மறுபடியும் எழுத்துக்கே போகச் சொல்றீரா?"

எனக்குத் தலை சுற்றியது. "இந்த விதியைப் போட்டது யாருங்க? அவர்கிட்டயே போய்க் கேட்டுக்கறேன்."

"துறைச் செயலர்."

"அவர் பேரு?"

இயக்குநர் இருமினார். எழுத்தர் மொனிகா சட்டென்று பென்சில் சீவ ஆரம்பித்தாள்.

"அவர் என் பொண்டாட்டியோட அண்ணன்யா," என்றார் இயக்குநர், குரலைத் தாழ்த்தி. "பேரை எப்படிச் சொல்றது? வழக்கம்னு ஒண்ணு வேண்டாமா?" பிறகு சட்டென்று எழுந்து நின்றார். எழுந்தால் பேச்சுதான் என்று மொனிகாவின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். "பண்பாடுதான் நம்ம கல்விக்கு முதுகெலும்பு! போன மாசம் இதுக்குன்னே மூணு நாள் கருத்தரங்கு நடத்தினோம். அதுல நானே ஒரு கட்டுரை படிச்சேன். 'உறவுப் பெயர் மரியாதையைப் பள்ளியில் காப்பது எப்படி?' எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டினாங்க. அந்த மரியாதையை விட்டுக்குடுக்கவே கூடாது, புரியுதா? இப்ப பேரைச் சொல்றீரா, இல்ல அடுத்த ஆளைக் கூப்பிடவா?"

அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

சந்தை மரத்தடியில் வந்து உட்கார்ந்தோம். அம்புரோஸ் பாக்கு மென்றுகொண்டே கதையைக் கேட்டான். கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஏண்ணே, இந்தப் பேருக்கா இவ்வளவு அமர்க்களம்?" என்று மாப்பிள்ளை பெயரைப் பட்டென்று சொன்னான். நான் காதைப் பொத்திக்கொண்டேன். தெக்லா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டாள். மாப்பிள்ளை கடலைப் பார்த்தார்.

"நிறுத்துடா பாவி!"

"எனக்கென்னண்ணே, நான் உறவா? தலைவர்தானே சொல்லணும்? என்னைத் தலைவராக்கிடுங்க, நாள் பூரா சொல்றேன்."

காட்ஃபிரிட் என்னைப் பார்த்தான். நான் தெக்லாவைப் பார்த்தேன். குழு கூட மூன்று உறுப்பினர் போதும். தெக்லா மகளிர் பிரதிநிதி. சேப்பங்கிழங்குக் கூடையைச் சுற்றி உட்கார்ந்து, நான் ராஜினாமா செய்து, அம்புரோஸை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தோம்.

"ஊருக்காக உயிரையும் குடுப்பேன்," என்றான் புதிய தலைவன். "சாயங்காலம் நாலு மணி வரைக்கும். அதுக்கு மேல அலை ஏறிடும்."

சாப்பாட்டுக்குப் பிறகு அவன் உள்ளே போய் நெஞ்சில் கைவைத்து மூன்று தடவை சொன்னான். இனாமாக இன்னொரு தடவையும் சொன்னான். "தெளிவான குரல், பாராட்டுக்குரியது" என்று பதிவேட்டில் எழுதினார்களாம். சாவியோடு வெளியே வந்தவன், வாசல்படியிலேயே ராஜினாமா செய்தான். மறுபடி நானே தலைவரானேன்.

பூட்டு திறந்தது. அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வேன்! என் மாப்பிள்ளை என்பதற்காகப் பெருமையடிக்கவில்லை. ஆனால் அந்த மனிதர் மழையில் ஒழுகும் கூரைக்கடியில் வாழையிலையைப் பிடித்துக்கொண்டு பாடம் நடத்தினார். சாக்பீஸ் தீர்ந்ததும் கிளிஞ்சலைச் சுட்டு எழுதினார். ஒருநாள் என் கடைசிப் பயலுக்குக் காய்ச்சல். நான் மாத்திரையைப் பாதியாக உடைத்து வாயில் போடப் போனேன். ருஃபினா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, நில்லு. இது பெரியவங்களுக்கான அளவு. தம்பிக்குக் கால் மாத்திரைதான். இதோ எழுதியிருக்கு பாரு."

எனக்கு எழுத்து தெரியாதா, தெரியும். ஆனால் அந்தப் பொடி எழுத்தை நான் என்றைக்குமே படித்ததில்லை. அன்று அவளைக் கட்டிக்கொண்டேன். இந்தப் பெண் உயர்நிலைப் பள்ளிக்குப் போயே தீர வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன்.

செப்டம்பரில் துறை ஒரு தரப் பரிசோதனை வைத்தது. மொனிகா வந்து ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பதினொரு பேருக்கும் தாள் கொடுத்தாள். தாளின் தலைப்பில் முதல் வரி: "உன் ஆசிரியர் பெயர்." பதினொரு பிள்ளைகளும் அகதாவுக்குத் தங்கை, தம்பி, சித்தப்பா மகள், மாமா மகன். எழுதுவார்களா? அந்த வரியை வெறுமையாக விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எழுதினார்கள். பதினொரு பேரும் முதல் தரத்தில் தேறிவிட்டார்கள். மாகாணத்திலேயே முதலிடம். ஊருகா தீவில் பதினாறு பிள்ளைகளும் ஆசிரியர் பெயரை முத்து முத்தாக எழுதியிருந்தார்களாம். வேறெதுவும் எழுதவில்லையாம்.

அக்டோபரில் இயக்குநரே எங்கள் ஊருக்கு வந்தார். படகில் ஒரு பெரிய பலகை வந்தது. பூமாலை போட்டோம், மூங்கில் வாத்தியம் அடித்தோம், இளநீர் வெட்டினோம். பரிசு கொடுக்க வந்திருக்கிறார் என்று நினைத்தோம். பலகையை மூடியிருந்த துணியை விலக்கிக் காட்டினார். "ஆசிரியரில்லா மாதிரிப் பள்ளி" என்று பச்சையில் எழுதியிருந்தது.

"அன்பான மக்களே!" என்றார். "கல்விக்கு எது தடைன்னு நாங்க பன்னெண்டு வருஷம் ஆராய்ச்சி பண்ணினோம். புத்தகம் இல்லன்னாங்க. கூரை ஒழுகுதுன்னாங்க. பள்ளிக்கூடம் தூரம்னாங்க. எல்லாம் பொய்! ஆசிரியர் இருக்கற ஊர்லேருந்துதான் ஆசிரியர் சரியில்லன்னு புகார் வருது. ஆசிரியரே இல்லாத ஊர்லேருந்து அந்தப் புகார் ஒண்ணாவது வந்திருக்கா? அப்ப தடை எது? நீங்களே சொல்லுங்க! உங்க பிள்ளைங்க யாரோட உதவியும் இல்லாம தானாவே படிச்சு முதலிடம் வாங்கியிருக்காங்க. தாள்ல பாருங்க, ஆசிரியர் பெயர்: வெறுமை. பதினொண்ணும் வெறுமை! இந்த வெறுமையை மாகாணம் முழுக்கப் பரப்பப் போறோம்."

கைதட்டல் கேட்டது. அவரோடு வந்தவர்கள் தட்டினார்கள்.

"இங்க யாரோ ஒரு ஆள் வகுப்பறையில நடமாடறதா கேள்விப்பட்டேன்," என்றார், சாக்பீஸ் கையோடு வாசலில் நின்ற மாப்பிள்ளையைப் பார்த்தபடி. "அவரைத் திங்கட்கிழமை முதல் தலைமை அலுவலகத்துக்கு மாத்தறோம். அங்க பலகை எழுத ஆள் தேவைப்படுது."

அம்புரோஸ் படகிலிருந்து துள்ளிக் குதித்தான். "யோவ், என்ன அநியாயம்! நான்தானே வந்து சொன்னேன்?" என்று மாப்பிள்ளை பெயரை நாலு தடவை கத்தினான்.

மொனிகா பதிவேட்டைப் புரட்டினாள். "சார், இவர் அன்னைக்கே ராஜினாமா பண்ணிட்டார்."

"அப்ப இவரோட உறுதியும் ராஜினாமா ஆயிடுச்சு," என்றார் இயக்குநர். "படகுக்காரர் படகுக்குப் போகலாம். தலைவர் யாரு? போனிஃபாஸ்தானே? இவர் பேரே சொல்லலை. பிள்ளைங்களா, நீங்க சொல்லுங்க. உங்களுக்குச் சொல்லிக்குடுத்தது யாரு?"

நாற்பத்து மூன்று பிள்ளைகளும் தரையைப் பார்த்தார்கள். பெற்றவர்களும் தரையைப் பார்த்தோம்.

"பாத்தீங்களா? யாருமே இல்ல!" என்று சிரித்தார். "பலகையை மாட்டுங்கப்பா."

ஒருவன் சுத்தியலை எடுத்தான். ருஃபினா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அவளுக்கு வாய் திறக்க உரிமையில்லை, எனக்கும் இல்லை. முதல் ஆணி இறங்கியது. அடுத்த வருஷப் பரீட்சை, நகரத்துப் பள்ளி, அவள் படித்த பொடி எழுத்து எல்லாம் அந்த ஆணியோடு சுவருக்குள் இறங்கின.

எழுந்தேன். நெஞ்சில் கைவைத்தேன். சொன்னேன்.

முழுப் பெயரையும் சொன்னேன். அப்பா பெயரோடு, குலப் பெயரோடு, ஞானஸ்நானப் பெயரோடு. மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை தொண்டை கிழிந்தது.

மூங்கில் வாத்தியக்காரன் கையிலிருந்த குச்சி கீழே விழுந்தது. தெக்லா வாயைப் பொத்திக்கொண்டாள். ஊரே வாயைப் பொத்திக்கொண்டது. மாப்பிள்ளை சட்டையைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டு, வழியில் ஒரு கோழியை மிதித்து, காட்டுக்குள் ஓடினார். அதுதானே முறை! நானும் வேறு திசையில் ஓடியிருக்க வேண்டும், ஆனால் பெயர் பதிவேட்டில் ஏறும்வரை நான் நகர்வதாக இல்லை.

இயக்குநரின் கையும் அவர் வாய்மேல்தான் இருந்தது. "சொல்லிட்டியேப்பா..." என்றார், விரல்களுக்கு நடுவே. அந்த ஒரு கணம் அவர் எங்கள் கரை மனிதராக இருந்தார்.

"பதிவு பண்ணிடட்டுமா சார்?" என்றாள் மொனிகா.

அவர் உடனே கையை எடுத்துவிட்டு இயக்குநரானார். "பண்ணும்மா. ஆசிரியர் உறுதி செய்யப்பட்டார். மாற்றல் ரத்து. எங்க அந்த ஆசிரியர்? கையெழுத்துப் போடச் சொல்லு."

"காட்டுக்குள்ள ஓடிட்டார் சார்."

"அப்படியா? பணி நேரத்தில் ஆசிரியர் பள்ளியில் இல்லைன்னும் எழுதிக்கோ."

பலகையை மறுபடி படகில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒற்றை ஆணி மட்டும் சுவரில் நிற்கிறது.

பன்றி கொடுக்க வேண்டுமே. என்னிடம் இருந்தவை இரண்டும் சின்னக் குட்டிகள். அவமானத்தின் அளவுக்கு அது போதாது. நான் முழித்துக்கொண்டிருந்தபோது, ருஃபினா தான் குட்டியிலிருந்து வளர்த்த கொழுத்த பன்றியைக் கயிறு கட்டி இழுத்துவந்து என் கையில் கொடுத்தாள்.

"எடுத்துக்கோப்பா. அளவு சரியாத்தான் இருக்கும்."

அவள் கண்ணை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கொடுத்திருக்க மாட்டேன். காட்ஃபிரிட் அதை அகதா வீட்டு வாசலில் கட்டிவிட்டு வந்தான். மாப்பிள்ளை இருட்டுவதற்கு முன் காட்டிலிருந்து வந்துவிட்டார் என்றும், பன்றி பெரியது என்பதால் தின்று முடிக்க நாலைந்து நாளாகும் என்றும் சொன்னான். அதுவரை நான் அவர் கண்ணில் படக் கூடாது.

திங்கட்கிழமை காலை பள்ளி மணி அடித்தது. மனசு கேட்கவில்லை. ஓலைச் சுவருக்குப் பின்னால், வாழைமரங்களுக்கு நடுவே போய்க் குந்தினேன். உள்ளே வருகைப் பதிவு நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கு இரண்டாம் பெயர் அப்பன் பெயர்தான். அப்பன்மார் எல்லோரும் அகதா வழி உறவு என்பதால், மாப்பிள்ளை இத்தனை மாதமும் எந்தப் பிள்ளையையும் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை; ருஃபினா வெறும் "ருஃபினா"தான். அவருக்கும் என் பெயர் ஆகாதல்லவா?

இருமல் சத்தம் கேட்டது. மாப்பிள்ளைதான் தொண்டையைச் செருமினார். நான் சுவருக்குப் பின்னால் இருப்பது அவருக்கு எப்படித் தெரிந்ததோ!

"ருஃபினா போனிஃபாஸ்!" என்றார்.

நிதானமாக, உரக்க, ஊருக்கே கேட்கும்படி என் பெயரைச் சொன்னார். அவமானத்தில் பாதியைத் தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டார். இனி அவரும் எனக்கு ஒரு பன்றி தர வேண்டும். ருஃபினாவுக்கே வாயடைத்துப் போய்விட்டது.

"ருஃபினா போனிஃபாஸ்!" மறுபடி கூப்பிட்டார். மூன்றாம் தடவையும் கூப்பிட்டார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. வாழைமரத்துக்கு நடுவிலிருந்து எழுந்து நின்று, முகத்தை மூடிக்கொண்டு, நானே கத்தினேன்:

"உள்ளேன் ஐயா!"